பெட்டிகளெல்லாம் வாயடைத்த இரவு

என் வயதுக்காரர்களே, இப்போதெல்லாம் ஒருவர் போய்ச் சேர்ந்தாலும் அவர் பேச்சு போய்ச் சேர்வதில்லை. போன மாதம் ஏதோ ஒரு தேசத்து டெலிவிஷன்காரர் இறந்துபோனார். இரவு நேரத்தில் ஊரையே சிரிக்க வைத்துத் தூங்க அனுப்புகிறவராம். என் பேத்தி அன்று முழுக்கக் கைப்பேசியை வைத்துக்கொண்டு அவர் பேசியதைப் போட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் போட்டாள். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பொறாமை வந்தது. எனக்கும் ஒருவர் பேசியதைக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஓர் ஆசை உண்டு. திரும்பத் திரும்பக்கூட வேண்டாம், ஒரு தடவை கேட்டால் போதும்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வளர்ந்தவர்கள் கம்பி ரேடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். பழுப்பு மரப்பெட்டி, முன்னால் ஒரு துணி, சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. வானொலி நிலையத்திலிருந்து வரும் கம்பி தூணுக்குத் தூண் தாவி, ஐந்தடி நடைபாதையின் கூரையோடு ஓடி, ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழையும். எல்லாப் பெட்டியும் ஒரே சமயத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லும். தெருவின் இந்த முனையில் பூக்கடையில் தொடங்கிய வாக்கியத்தை நடந்துகொண்டே கேட்டு, அந்த முனையில் நகைக்கடையில் முடித்துவிடலாம்.

இரவு ஒன்பது மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி நடத்தியவரும் உங்களுக்கு ஞாபகம் இருப்பார். ஊருக்கெல்லாம் அவர் ‘ஒன்பது மணி அண்ணன்’. எனக்கு மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி. டன்லப் ஸ்ட்ரீட்டில் எங்கள் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் மாவு மில் இருந்தது. மாடியில் தெருவைப் பார்த்த அறை மாமாவுக்கும் அத்தைக்கும், பின்னறை எங்களுக்கு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் நான் பாதி நேரம் அவர்கள் அறையில்தான் கிடப்பேன்.

பெட்டிக்குள் அவ்வளவு பேசியவர் பகல் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். தொண்டையைச் சேமிக்கிறாராம். காப்பி வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார், கோபம் வந்தால் புருவத்தைக் காட்டுவார். நாங்கள் ஐஸ் உருண்டை வாங்கிச் சிவப்புச் சர்பத் முழங்கை வரை வழிய உறிஞ்சும்போது பக்கத்தில் நின்று ஏக்கமாகப் பார்ப்பார். அவருக்கு வாய்த்தது வெந்நீரும் பனங்கற்கண்டும்தான். “பேசறதுக்குச் சம்பளம் வாங்குற மௌனச்சாமி” என்று அம்மா கேலி செய்வாள்.

ஒன்பது மணி ஆனால் அந்த மௌனச்சாமி ஊரையே கட்டிப்போட்டுவிடும். மற்ற அறிவிப்பாளர்கள் மேடையில் ஏறி நின்று பேசுவதுபோல் பேசிய காலத்தில், மாமா மட்டும் அடுத்த வீட்டுக்காரர் முற்றத்துக்கு வந்து பேசுவதுபோல் பேசினார். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் கப்பலேறி நாகப்பட்டினம் போகிறார்கள், எல்லாவற்றுக்கும் அவர் வாயால் ஒரு வாழ்த்து வேண்டும். மூட்டைப்பூச்சியை ஒழிக்க என்ன வழி என்று ஒரு வாரம் ஊரை விசாரித்தார். அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. முடிக்கும்போது, “கடைக்காரங்களே, போதும், பலகையைப் போடுங்க. வீட்ல சோறு ஆறுது” என்பார். எதிரே சாப்பாட்டுக்கடை பாய் அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைப்பார்.

ஊரார் வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேசியவர் தன் வீட்டைப் பற்றி ஒரு நாளும் பெட்டியில் பேசியதில்லை. அத்தை என்று ஒருத்தி இருப்பதே நேயர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் திரும்பி வரும்வரை அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள். செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும்.

“இன்னைக்கு ரெண்டு தடவ இருமினீங்க.”

“மூணு. ஒண்ணைப் பாட்டுக்குள்ள ஒளிச்சுட்டேன்.”

பின்னறையில் பாயில் படுத்தபடி நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு மாடிப்படி ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். களைப்பு போலிருக்கிறது என்று அத்தை தண்ணீர் எடுத்து வந்தாள். அதை வாங்கிக் குடிக்க அவர் இல்லை. அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்சியில் ஏற்றும்போதே அப்பாவின் முகத்தைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று தெரு முழுக்கக் கடைகளை அடைத்தார்கள். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தமிழர்கள் லாரி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரும் மாமாவை அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, “இவரா, நான் உயரமா இருப்பாருன்னு நெனச்சேன்” என்று ஒருவர் தேம்பித் தேம்பி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அத்தை மட்டும் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாமாவைக் கொண்டுபோன பிறகும் அறை மூலையில் வெள்ளைச் சேலையோடு முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். யாராவது சோறு வைத்தால் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் பெரியவர்களைப் பயமுறுத்தியது. அழாத துக்கம் தலைக்கேறிவிடும் என்று வந்த பெண்களெல்லாம் சொன்னார்கள். தஞ்சோங் பகாரில் ஒருத்தி இப்படித்தான் கல்லாக இருந்தாளாம், திடீரென்று புருஷனின் சட்டையைப் பார்த்ததும் சித்தம் கலங்கிவிட்டதாம். அன்றே அம்மா மாமாவின் சட்டைகளை மூட்டை கட்டி மில்லில் தவிட்டுச் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை நிலையத்திலிருந்து மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் வந்தார். பதிவுக்கருவியை இயக்குகிறவர். மாடி ஏறத் தயங்கி மில்லிலேயே அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். மாமா எப்போதும் நேரடியாகத்தான் பேசுவார், ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமைப் பேச்சை மட்டும் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலதிகாரிகள் அதை ஒலிபரப்ப முடிவு செய்துவிட்டார்கள்.

“வேணாம்னு சொல்லுங்க. வீட்ல அந்தப் புள்ள அழாம உக்காந்திருக்கு. இப்ப அவரு கொரலைக் கேட்டா என்ன ஆகும்?” என்றார் அப்பா.

“என் கையில இல்லீங்க. ஊரே அதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

அவர் போன பிறகு அப்பாவும் அம்மாவும் மில்லின் பின்கட்டில் நின்று பேசினார்கள். எங்கள் பெட்டியின் கம்பியைக் கழற்றிவிடலாம், அது சுலபம். ஆனால் தெருவில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒன்பது மணிக்கு மாமாவின் குரலில் பேசத் தொடங்கினால் என்ன செய்வது? ஜன்னலைச் சாத்தினாலும் பலகை இடுக்கு வழியாக வரும். அம்மா கையைப் பிசைந்தாள். “ஒவ்வொரு கடையா போய்க் கேக்கிறேன். நம்ம தெரு மட்டும் அரை மணி நேரம் பெட்டியை அடைக்கட்டும்” என்றார் அப்பா. அந்த நேரத்தில் அம்மாவுக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிந்திருப்பார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் பின்னால் நானும் போனேன். காதும் காதும் வைத்தாற்போல் வேலை நடந்தது. பாய் முதல் ஆளாகத் தலையாட்டினார். “அந்த அம்மாவுக்காகச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்? திருகையே கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிறேன், போங்க.” நகைக்கடைக்காரர், பூக்கடைக்காரர், புடவைக்கடையில் சிட்டை எழுதுகிறவர், எல்லோரும் சரி என்றார்கள். மாமாவின் கடைசிப் பேச்சை விட்டுக்கொடுக்கிறோம் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர்தான் சொன்னார். ஐந்தடியில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் முக்காலியும்தான் அவர் கடை, வீடு எல்லாம். கல்யாணம் ஆகாத மனிதர், சிடுமூஞ்சி.

“நான் அடைக்க மாட்டேன், மில்லுக்காரரே.”

“அண்ணே, குடும்பத்து விஷயம்.”

“உங்களுக்குக் குடும்பம் இருக்கு. ஒன்பது மணிக்கு எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா? ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடறேன். சின்னதா வெச்சுக் கேக்கிறேன் லா.”

“சின்னதா வெச்சாலும் அது அவரு கொரலுதானே. மேல வரைக்கும் கேக்கும்.”

“கேட்டா கேக்கட்டும்! அந்தப் பொண்ணு புருஷன் கொரலை அந்தப் பொண்ணு கேட்டா உங்களுக்கு என்ன?”

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கை ஓங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓங்கப் போகிறார் என்று நினைத்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அப்படியே திரும்பி வந்தார். பொழுது சாய்ந்ததும் ஏணியையும் குறடையும் எடுத்துக்கொண்டு போய், கடிகாரக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் தூணில் இறங்கும் கம்பியை வெட்டிவிட்டார். வந்து மில்லுக்குள் ஒரு மூட்டை அரிசியைப் பிரித்து வைத்தார். எங்கேயாவது ஒரு பெட்டி தப்பித்தவறிப் பேசிவிட்டால் அதை அமுக்க மில்லை ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது.

எனக்கு இட்ட வேலை அத்தையோடு இருப்பது. “பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு, வேற எதுவும் சொல்லாதே” என்று அம்மா சொல்லி அனுப்பினாள். எங்கள் வீட்டுக் கம்பி அதற்குள் பின்பக்கம் கழன்று கிடந்தது.

நான் போனபோது அத்தை மூலையில் இல்லை. குளித்திருந்தாள். ஈரத் தலையை முதுகில் விரித்துவிட்டு, ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் உட்காரும் பாய் அது.

“மணி என்னாச்சு பாரு.”

“ஒன்பது ஆகப்போகுது அத்தை.”

திருகைத் திருப்பினாள். சத்தம் இல்லை. முழுக்கத் திருப்பினாள். துணியின் மேல் காதை வைத்தாள். சரியாக அந்த நேரத்தில் கீழே மில் உறுமத் தொடங்கியது. தரைப்பலகை அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

“இந்த நேரத்துல என்னத்தை அரைக்கிறாரு? போய் நிறுத்தச் சொல்லு. ஓடு!”

ஓடினேன். மில்லுக்குள் வெள்ளைப் புகையாக மாவு பறந்தது. அப்பா அரைத்த மாவையே அள்ளி மறுபடியும் மில்லின் வாயில் கொட்டிக்கொண்டிருந்தார். புருவம், மீசை எல்லாம் மாவு. கண்ணிலிருந்து தாடை வரை இரண்டு கோடு மட்டும் கறுப்பாக இருந்தது. “அத்தை நிறுத்தச் சொல்றாங்க” என்று கத்தினேன். தலையை ஆட்டி, போ என்று கையைக் காட்டினார். அம்மா மூலையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். கூடப்பிறந்த தம்பியின் கடைசிப் பேச்சை அவளும்தானே விட்டுக்கொடுத்தாள்.

நான் மேலே வந்தபோது அத்தை ஜன்னலில் நின்றிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் வழக்கமாக எல்லாக் கடையிலும் ஆட்கள் பெட்டியின் முன்னால் குந்தியிருப்பார்கள். அன்று ஒரு பெட்டியின் பக்கத்திலும் ஒருவரும் இல்லை. கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே ஐந்தடியில் வந்து நின்று எங்கள் ஜன்னலையே பார்த்தார்கள். பாய் எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“யாரும் கேக்கலியே. அப்ப போடல போலிருக்கு. ஆளு போனதும் அதையும் விட்டுட்டாங்க” என்றாள் அத்தை.

திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தாள். மில் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் காலை அப்பா கொஞ்சம் நிம்மதியாகக் காப்பி குடித்தார். கண்டம் தாண்டியாயிற்று என்று அம்மாவிடம் சொன்னார். அவர் டம்ளரைக் கீழே வைக்கும் முன் ஒரு நர்ஸ் வந்தார். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இருப்பவர், மாமாவின் நிகழ்ச்சிக்கு அடிக்கடி வாழ்த்து எழுதிப் போடுகிறவர். துக்கம் கேட்க வந்தவர் நேரே மாடிக்குப் போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து கேட்டு ஒரே அழுகை எனக்கு. உங்களைப் பத்தி எவ்வளவு அழகா பேசினாரு!”

அம்மா பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நர்ஸ் அதைப் பார்ப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

“என்ன பேசினாரு?” என்று அத்தை கேட்டாள்.

“எனக்கு முழுசா... வந்து, பாதியில பக்கத்து வீட்டுக் கொழந்தை அழுதுச்சு, நான் எந்திரிச்சுப் போயிட்டேன்.” நர்ஸ் திருதிருவென்று விழித்தார். “ஏன், நீங்க கேக்கலியா?”

அத்தை எழுந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை புருஷனை இழந்தவள் வாசல் தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தை படியிறங்கி, மில்லைக் கடந்து, வெள்ளைச் சேலையோடு பட்டப்பகலில் தெருவில் இறங்கினாள். ஒருவரும் குறுக்கே போகவில்லை. நேரே கடிகாரக்காரரிடம் போனாள். தெருவில் யார் பேச்சையும் கேட்காத ஒரே ஆள் அவர்தான் என்று அவளுக்கும் தெரியும்.

“அண்ணே, நேத்து ராத்திரி ரேடியோ பேசுச்சா?”

அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. “ஊரெல்லாம் பேசுச்சும்மா. நான் கேக்கணும்னுதான் இருந்தேன். சாப்பிட்டு வந்து பாத்தா கம்பி வெட்டிக் கெடந்துச்சு” என்று தூணைக் காட்டினார்.

அத்தை திரும்பி வந்து மில் வாசலில் நின்றாள். அப்பா எழுந்து நின்றார். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

“உன் நல்லதுக்குத்தான் தங்கச்சி. நீ அழவே இல்ல. இன்னொரு அதிர்ச்சி தாங்காதுன்னு...”

“வெள்ளிக்கிழமை எங்க கல்யாண நாளு அண்ணே. ஒரு வருஷம்கூட அன்னைக்கு அவரு ராத்திரி வீட்டுல இருந்ததில்ல. இந்த வருஷமாவது இருக்கணும்னுதான் முன்னாடியே பேசி வெச்சுட்டு வந்தாரு. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து கேப்போம்னாரு.” அவள் குரல் ஏறவே இல்லை. “அழ ஆரம்பிச்சா எனக்கு நிக்காது. காது அடைச்சுக்கும். வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை விடாம கேக்கணுமேன்னு அழுகையை அடக்கி வெச்சிருந்தேன். கேட்டுட்டு அழுதுக்கலாம்னு இருந்தேன்.”

இப்போது எனக்கு அப்பாவின் அன்றைய வயதைப் போல இரண்டு மடங்கு வயது. இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விளங்காதது ஒன்றுதான். ஒரு தெரு முழுக்க ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டோமே, மாடிக்கு ஏறி அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? எல்லோரும் நல்லவர்கள். பாய் நல்லவர், அப்பா நல்லவர், அம்மா தம்பிக்காக உயிரை விடுகிறவள். துக்கத்தில் இருப்பவளுக்குக் காது இருக்கிறது, வாய் இருக்கிறது என்பதை மட்டும் அத்தனை நல்லவர்களும் சேர்ந்து மறந்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அப்பாவை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

அப்பா அந்த நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார். நாடாவை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லலாம், காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்துவிட்டார், மேலே ஏறவில்லை. அந்தக் காலத்தில் நாடா அருமையான பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். மாமாவின் பேச்சு இருந்த நாடாவில் அன்று காலையிலேயே காய்கறி விலை நிலவரத்தைப் பதிந்துவிட்டார்கள்.

அம்மா போய் அத்தையிடம் சொன்னாள். அப்போதுதான் அத்தை அழுதாள். தெரு முழுக்கக் கேட்டது. எதிரே பாய் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நர்ஸ் மறுபடியும் வந்தார். தன் அண்ணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்வதாகவும், தொழிலாளர் குடியிருப்பில் எல்லோரும் ஒன்றாகக் கூடிக் கேட்டதாகவும் சொன்னார். “அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், போய்க் கேளுங்க.” துக்க வீட்டுக்காரி ஊர் சுற்றுவதா என்று அம்மா வாயெடுத்தாள். அத்தை பார்த்த பார்வையில் அப்படியே அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறினோம். அப்பா வரவேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். இருந்தும் பின் படியில் ஏறி, கடைசி இருக்கையில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போன அந்த வழி முழுக்க அத்தை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். அவள் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

குடியிருப்பு வரிசைக்கு நடுவில் ஒரு பொதுக்கூடம் இருந்தது. பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள், சிராப் சர்பத் கலந்து கொடுத்தார்கள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் துவைத்துக்கொண்டிருந்தவர்கள், சவரம் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா சாலையோரம் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

“என்ன பேசினாருன்னு சொல்லுங்க. எதையும் விட்டுடாதீங்க” என்றாள் அத்தை.

ஓர் இளைஞர், நீங்கள் வைக்கிற ரசத்துக்கு ஈடே இல்லை என்று மாமா பேசியதாகச் சொன்னார். அத்தை தலையசைத்தாள். “என் ரசத்தை அவரு தொட்டதே இல்ல தம்பி.” ஒரு கிரேன் ஓட்டுநர், ரசம் இல்லை, நீங்கள் அவருடைய இருமலை எண்ணுவீர்கள் என்றுதான் சொன்னார் என்றார். அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். “எத்தனைன்னு சொன்னாரா?” அதை அவர் கவனிக்கவில்லை. இன்னொருவர், காத்திருந்து காத்திருந்து உங்கள் சோறெல்லாம் ஆறியதற்கு மன்னிப்புக் கேட்டார் என்றார். அப்படிக் கேட்கவில்லை, பாட்டுத்தான் போட்டார் என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர்களுக்குள் தகராறு மூண்டுவிட்டது. இரண்டே நாளில் ஆளுக்கொரு பேச்சாகப் பிய்ந்துபோயிருந்தது. அத்தை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தாள். இனி ஒன்றும் தேறாது, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கப்பலுக்குச் சாயம் பூசுகிற ஒருவர் சுவரோரம் நின்றிருந்தார். நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறம். அதுவரை வாயே திறக்கவில்லை.

“அதெல்லாம் அப்புறம் பேசினது. ஆரம்பத்துல ஒண்ணு சொன்னாரு” என்றார்.

சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“சொல்லலாமாம்மா? நீங்க தாங்கிக்குவீங்களா?” என்று அவர் அத்தையிடம் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவளிடம் கேட்டுவிட்டுச் செய்த முதல் ஆள் அவர்தான்.

“சொல்லுங்க.”

“எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டு, ‘இந்தப் பேச்சை நீங்க கேக்குற நேரத்துல நான் நிலையத்துல இல்ல. என் வீட்டுக்காரிக்குப் பக்கத்துல உக்காந்து உங்களோட சேர்ந்து நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்’னு சொன்னாரும்மா. அதைக் கேட்டதும் நாங்க அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டோம். முடியற வரைக்கும் யாரும் உக்காரல.”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அம்மா தேம்பத் தொடங்கினாள்.

அத்தை அழவில்லை. வெகுநேரம் தன் பக்கத்தில் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, வெளியே நடந்து மரத்தடிக்குப் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அப்பா அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வந்திருக்காரு அண்ணே. சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துக்கு வந்து என் பக்கத்துல உக்காந்திருக்காரு. எனக்குத்தான் யாரும் சொல்லல” என்றாள் அத்தை.

பஸ் வந்து நின்றது. நாங்கள் மூவரும் ஏறினோம். அப்பா ஏறவில்லை. நீங்கள் போங்கள் என்று கையை மட்டும் காட்டிவிட்டு, அந்த வெயிலில் அப்படியே நின்றார்.